ஒரு குதிரையில் சுகம், இன்னொன்றில் இடி: காரணம் இனமா, தரையா, நானா?

புதுச்சேணம்:

எல்லாருக்கும் வணக்கம். நாற்பதைத் தாண்டிக் குதிரையேற்றம் கற்க வந்தவன் நான். பயிற்சிக்கு இரண்டு குதிரைகள் மாறி மாறிக் கிடைக்கின்றன. ஒன்று, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் கெல்டிங், அதாவது காயடித்த ஆண்குதிரை. நல்ல உயரம், பக்கத்தில் நின்றால் அதன் முதுகு என் மூக்குக்கு நேராக வரும். மற்றது கத்தியவாரிப் பெண்குதிரை. சின்ன உடம்பு, காது நுனிகள் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும்.

தரோபிரெட்டை மணல் திடலில் ஓட்டுகிறோம். திடலின் ஒரு பக்கம் மணல் ஆழம், மறுபக்கம் இறுகிக் கிடக்கிறது. டிராட்டில், அதாவது நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவிலான ஓட்டத்தில், இறுகிய பக்கம் வந்தாலே வால் எலும்பில் டொக் டொக்கென்று இடிக்கிறது. ஆழமான பக்கத்தில் இடி குறைகிறது, ஆனால் உடம்பு முன்னால் சரிந்து லகானில் தொங்க ஆரம்பித்துவிடுகிறேன்.

கத்தியவாரியை வெளியே மண் பாதையில் ஓட்டுகிறோம். டிராட்டில் குலுக்கலே தெரிவதில்லை, அவ்வளவு சுகம். ஆனால் ஒரு விசித்திரம்: ரைசிங் டிராட், அதாவது குதிரையின் தாளத்துக்கு எழுந்து எழுந்து உட்காருவது, அதில் வரவே மாட்டேன் என்கிறது. எழுந்தால் எந்தத் தாளத்தில் உட்காருவது என்று பிடிபடுவதில்லை. பாதையில் கல்லும் குழியுமாக ஒரு துண்டு வரும். அங்கே போனால் இடது அங்கவடி (பாதம் வைக்கும் வளையம்) காலை விட்டுக் கழன்றுவிடுகிறது.

சொந்தமாகக் குதிரை வாங்கும் எண்ணமும் இருக்கிறது. குலுக்காத இனம், விழாத தரை என்று ஏதாவது உண்டா? அல்லது எல்லாம் என் உட்காரும் லட்சணம்தானா?

வேகக்காற்று:

லட்சணம்தான். கோபித்துக்கொள்ள வேண்டாம். அங்கவடியைக் கழற்றிவிட்டு, யாராவது நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாகச் சுற்றவிட, கையில் லகான் இல்லாமல் உட்கார்ந்து பழகுங்கள். இடுப்பு இளகினால் எந்தக் குதிரையும் மெத்தைதான். இனம், தரை என்று பேசுவதெல்லாம் நம் இடுப்பின் விறைப்பை மறைக்கும் சாக்கு.

நடைபார்ப்பவன்:

புதுச்சேணம், மேலே நண்பர் சொன்ன பயிற்சி நல்ல பயிற்சி. செய்யுங்கள். ஆனால் உங்கள் கேள்விக்கு அது பாதி பதில்கூட இல்லை. நான் கற்றுக்கொடுப்பவன், பிழைப்பே திடலின் நடுவில் நின்று குதிரைகளின் கால்களைப் பார்ப்பது. ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த விசித்திரத்தை எடுத்துக்கொள்வோம். கத்தியவாரியில் ரைசிங் வரவில்லை என்றீர்களே, அது டிராட்டே போகவில்லை என்பது என் சந்தேகம். டிராட் என்பது இரண்டு தட்டு நடை. முன் இடது காலும் பின் வலது காலும் சேர்ந்து தரையைத் தொடும், அப்புறம் மற்ற ஜோடி. இரண்டுக்கும் நடுவே நான்கு கால்களும் காற்றில் இருக்கும் கணம் ஒன்று வரும். அந்தக் கணத்திலிருந்து இறங்கும்போதுதான் முதுகு உங்களைத் தூக்கிப் போடுகிறது. ரைசிங்கில் நாம் அந்தத் தூக்கலை ஓசியில் வாங்கிக்கொண்டுதான் எழுகிறோம். தூக்கலே இல்லாத நடையில் எழப் பார்த்தால் தாளம் எங்கிருந்து கிடைக்கும்?

கத்தியவாரி, மார்வாரி இனங்களில் சில குதிரைகளுக்கு ரேவால் என்ற நடை பிறவியிலேயே வரும். எல்லாவற்றுக்கும் வராது. இதில் ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் கிட்டத்தட்டச் சேர்ந்தாற்போல் நகரும். மேலும் கீழுமான ஆட்டம் போய், இடமும் வலமுமாக லேசான அசைவு மட்டும் மிஞ்சும். நிறைகுடத்தை இடுப்பில் வைத்து நடப்பவர் போல முதுகு மட்டத்திலேயே போகும். இதற்கு ரைசிங் தேவையில்லை, உட்கார்ந்தே இருங்கள். உங்கள் குதிரை இதைத்தான் செய்கிறதா என்று அறிய, இறுகிய தரையில் யாரையாவது ஓட்டச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக் காது கொடுங்கள். சீரான இரண்டு தட்டு கேட்டால் டிராட். நான்கு கால்களும் ஒருமுறை ஊன்றி முடிவதற்குள் நான்கு தட்டு பிரிந்து கேட்டால் டிராட் இல்லை. சந்தேகமாக இருந்தால் பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் படம் பிடித்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள், சண்டையே வேண்டாம்.

இப்படி மெத்தென்று போகும் நடை உலகில் பல இனங்களுக்கு உண்டு. ஐஸ்லாந்துக் குதிரையின் டோல்ட்டில் எப்போதும் ஒரு காலாவது தரையில் இருக்கும்; காற்றில் மிதக்கும் கணம் கிடையாது. பெருவியன் பாசோ, பாசோ ஃபினோ, டென்னசி வாக்கர் எல்லாம் இந்த வகையறாதான். டென்னசி வாக்கரில் பின்குளம்பு முன்குளம்பின் தடத்தைத் தாண்டிப் போய் விழும். டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றத்துக்கும் இந்த மாதிரி நடைகளுக்கும் தொடர்பு இருப்பது 2012-ல் தெரியவந்தது. கால்களை ஒருங்கிணைக்கும் தண்டுவட நரம்புகளில் அது வேலை செய்கிறது. ஆக, இந்தச் சுகத்தில் பழக்கத்துக்குப் பங்கு உண்டு என்றாலும் அடித்தளம் பிறவியில் வருவது.

இனி உங்கள் தரோபிரெட். நீண்ட பாய்ச்சலுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த இனம். கேன்டரிலும் (மிதமான பாய்ச்சல்) கேலப்பிலும் (முழுவேகப் பாய்ச்சல்) நீளமாக, தாழ்வாக, சொகுசாகப் போகும். அதன் டிராட் நடுத்தரமானது. இடி அதிகம் என்று பெயர் வாங்கியவை ஐரோப்பிய வார்ம்பிளட் இனங்கள். குதிரையின் நடை அழகுக்கும் கட்டுப்பாட்டுக்கும் மதிப்பெண் போடும் டிரெஸ்ஸாஜ் போட்டிக்காக அவற்றின் டிராட்டில் மிதப்பை வளர்த்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்க அப்படியொரு அழகு. மேலே உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும் வலி. அமெரிக்கக் குவார்ட்டர் குதிரை இதற்கு நேர் எதிர். மெதுவாக, காலை அதிகம் தூக்காமல் போகப் பழக்கிய ஜாக் நடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். அரபுக் குதிரைக்கு முதுகு குட்டை, அடி சுறுசுறுப்பு. குட்டைப் போனிகளில் அடி எண்ணிக்கை கூடும், அதாவது சின்னச் சின்ன இடிகள் நிறைய.

ஆனால் இனப் பெயரை நான் ஓரளவுக்குத்தான் நம்புவேன். அதற்கு முன் பார்ப்பது பாஸ்டர்னை, அதாவது குளம்புக்கும் அதற்கு மேலே உள்ள மூட்டுக்கும் நடுவில் சாய்வாக இருக்கும் அந்தச் சின்னப் பகுதியை. அது நீளமாகச் சாய்ந்திருந்தால் ஒவ்வொரு அடியிலும் மடங்கி எழுந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். குட்டையாகச் செங்குத்தாக இருந்தால் அதிர்ச்சி நேரே தோளுக்கு வரும், அங்கிருந்து உங்கள் வால் எலும்புக்கு. ரொம்ப நீளமாக இருந்தாலும் ஆபத்து. உங்களுக்குச் சுகம், குதிரையின் தசைநாணுக்குச் சுமை. தோள்பட்டையின் சாய்வையும் சேர்த்துப் பாருங்கள். செங்குத்துத் தோள் என்றால் முன்கால் வீச்சு குறுகி, நடை குத்தும். ஒரே இனத்தில், ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டில்கூட இது மாறும்.

விலாவின் அகலத்தையும் விடக்கூடாது. வண்டி இழுக்கும் கனத்த இனங்களில் ஏறினால் தொடைகள் விரிந்து இடுப்பு பூட்டிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு இளகச் சொன்னாலும் இளகாது. இடுப்பு குறுகியவர்கள் ஒல்லியான குதிரையில் திடீரென்று நன்றாக உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணம் திறமை இல்லை, உடல் அளவு.

சரி, தரைக்கு வருவோம். தரை உங்களை நேரடியாகத் தொடுவதில்லை. அது முதலில் குதிரையின் நடையை மாற்றுகிறது, மாறிய நடைதான் உங்களிடம் வருகிறது. ஆழமான மணலில் குளம்பு அமிழும். காலைத் தூக்கிப் பிடுங்க வேண்டும், பின்னால் தள்ளும்போது மணல் வழுக்கிப் போகும். அடி குறுகும், உழைப்பு கூடும். நிற்கும் குதிரையில்கூடச் சுமையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்கால்களில்தான் இருக்கிறது. அது களைத்தால் இன்னும் முன்னால் சாய்ந்து கடிவாளத்தில் தலையைப் போட்டுவிடும். நீங்கள் லகானில் தொங்குகிறேன் என்கிறீர்கள். திடலில் நின்று பார்த்தால், குதிரை உங்களைத் தொங்கவிடுகிறது என்றுதான் நான் சொல்வேன். அங்கே லகானை இழுத்துப் பிடிக்காதீர்கள். ஒரு கையால் பிடரி மயிரையோ கழுத்துப் பட்டையையோ பிடித்துக்கொண்டு நடையைக் குறையுங்கள். ஆழமான பக்கத்தில் வாக் (மெதுநடை), சீரான பக்கத்தில் டிராட் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கும் நல்லது, அதன் தசைநாண்களுக்கும் நல்லது.

இறுகிய பக்கத்தில் குளம்பு சட்டென்று நிற்கிறது. அந்த நிறுத்தத்தின் அதிர்வுதான் உங்கள் டொக் டொக். அங்கே வேகத்தைச் சற்றுக் குறைத்தாலே இடி குறையும். வேகம் குறைந்தால் மிதப்பும் குறைகிறது, இறங்கும் உயரமும் குறைகிறது. வால் எலும்பில்தான் குத்துகிறது என்றால், சேணத்தின் தாழ்ந்த இடம் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். அது பின்னால் தள்ளியிருந்தால் உங்களை நாற்காலியில் அமர்வது போல் அமர்த்தி, கால்களை முன்னால் தள்ளிவிடும். அப்படி உட்கார்ந்தவரை எந்த இனமும் குத்தும்.

இடது அங்கவடி விஷயத்தை எளிதாகச் சோதிக்கலாம். இரண்டு குதிரையிலும் இடதுதான் கழல்கிறது என்றால் உங்கள் உடம்பு வலப்பக்கம் சாய்கிறது. கத்தியவாரியில் மட்டும் என்றால் சேணம் ஒரு பக்கம் சரிகிறதா என்று பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். நல்ல அளவுள்ள சேணமும் திரும்பத் திரும்ப ஒரே பக்கம் சரிந்தால், பின்காலில் மெல்லிய நொண்டல் இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரைப் பார்க்கச் சொல்வது என் வழக்கம்.

லாடக்கட்டி:

நடைபார்ப்பவன் அண்ணா எழுதியதில் மேலிருந்து கீழாக எல்லாம் சரி. கீழே கடைசி அங்குலத்தை விட்டுவிட்டார், அது என் பங்கு.

குளம்பு கட்டையான ஒரு துண்டு என்று நினைப்பவர்கள் அதிகம். தரையில் பதியும்போது அதன் குதிப் பக்கம் கொஞ்சம் விரியும். அடியில் இருக்கும் முக்கோண வடிவ ரப்பர் மாதிரி பகுதியும் அதற்கு மேலே உள்ள மெத்தையும் சேர்ந்து அதிர்ச்சியை வாங்கும். இரும்பு லாடம் அடித்தால் அந்த விரிதல் கொஞ்சம் குறையும், அதிர்வு கூடுதலாக மேலே ஏறும். தார்ச்சாலையில் வழுக்கவும் செய்யும். அதற்காக லாடமே கூடாது என்று சொல்ல வரவில்லை. கல் பாதையில் தேய்ந்து போகும் குளம்புக்கு லாடம் வேண்டும்தான்.

எல்லாரும் பிடிமானம் பிடிமானம் என்கிறார்கள். பிடிமானம் கூடினாலும் ஆபத்து. இறங்கும் குளம்பு தரையில் துளி சறுக்கித்தான் நிற்க வேண்டும். அந்தச் சறுக்கல்தான் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. லாடத்தில் பெரிய முளைகளை அடித்து இறுகிய தரையில் விட்டால் கால் சட்டென்று பூட்டிக்கொள்ளும், மேலே மூட்டு முறுக்கிக்கொள்ளும். சவாரி செய்பவருக்கு அது முன்னால் தூக்கியடிக்கும் வெட்டாகத் தெரியும்.

கல் துண்டில் அந்தக் குதிரை தடுக்கித் தடுக்கிப் போகிறதா? அப்படியானால் கடைசியாக எப்போது லாடம் மாற்றினார்கள் என்று கேளுங்கள். பொதுவாக 6 முதல் 8 வாரத்துக்குள் குளம்பைச் செதுக்கி லாடத்தைத் திரும்ப அடிக்க வேண்டும். தள்ளிப்போட்டால் முன்நுனி வளர்ந்துவிடும். நுனி நீண்டால் குளம்பு உருண்டு தரையை விட்டு எழ நேரமாகும், கல்லில் தட்டும். தட்டினால் நீங்கள் ஆடுவீர்கள், காலும் கழலும். பழியோ உங்கள் சமநிலை மேல்.

நொண்டல் பற்றி அண்ணா சொன்னதற்கு ஒரு சேர்க்கை. இறுகிய தரையில் அதிகமாகத் தெரியும் நொண்டல் என்றால் நான் குளம்பையும் எலும்பையும் சந்தேகிப்பேன். மெத்தென்ற மணலில் அதிகமாகத் தெரிந்தால் தசைநாண், தசைநார். முன்கால் என்றால் தலையைப் பாருங்கள்: வலிக்கும் கால் ஊன்றும்போது தலை மேலே போகும். இதெல்லாம் முதல் பார்வைக்குத்தான், முடிவு மருத்துவருடையது.

வேகக்காற்று:

சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: குலுக்காத குதிரையில் மட்டும் பழகியவர் சாதாரண டிராட்டில் ஏறினால் என்ன ஆவார்? மெத்தை நடை நம் குறையெல்லாவற்றையும் மூடி மறைத்துவிடுகிறது. என்னைக் கேட்டால் அந்தத் தரோபிரெட்தான் உங்கள் குரு.

நடைபார்ப்பவன்:

இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன், ஒரு திருத்தத்தோடு. மேல்கீழ் ஆட்டத்துக்கு இடுப்பு பழக வேண்டுமென்றால் டிராட் போகும் குதிரை வேண்டும். ரேவாலிலும் கற்க விஷயம் இருக்கிறது: இடம் வலம் சாயாமல் நடுவில் இருப்பது, கை அமைதி, லகானின் எடையை உணர்வது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவருக்கு இவை எதுவும் ஏறாது. அதனால் நான் வயதில் பெரியவர்களை முதலில் சுகமான குதிரையில்தான் ஏற்றுவேன், கொஞ்சம் அடங்கிய பிறகு டிராட்டுக்கு.

புதுச்சேணம்:

எல்லாருக்கும் நன்றி. காது கொடுத்துக் கேட்டேன். நான்கு தட்டு! ஆக இத்தனை நாளாக டிராட் இல்லாத ஒன்றில் ரைசிங் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். சேணத்தைப் பின்னாலிருந்து பார்க்கச் சொன்னேன், நேராகத்தான் இருக்கிறது. லாடம் மாற்றும் தேதி தாண்டிவிட்டது என்பது மட்டும் தெரிந்தது, சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. மண் பாதையின் முடிவில் புல் சரிவு ஒன்று இறங்குகிறது. மழை பெய்தால் அதில் எப்படி? அப்புறம், வாங்கும்போது எதைச் சோதிப்பது?

லாடக்கட்டி:

ஈரப் புல்லில் கீழே மண் எப்படி இருக்கிறது என்பதுதான் விஷயம். மண்ணும் ஊறி இளகியிருந்தால் குளம்பு குத்தி நிற்கும். காய்ந்து இறுகிய மண் மேல் இப்போதுதான் தூறல் விழுந்தது என்றால் அதைவிட வழுக்கல் வேறில்லை. அன்றைக்கு வாக் மட்டும்.

நடைபார்ப்பவன்:

சரிவில் நேராக இறங்குங்கள், குறுக்காக வேண்டாம். நேராக இறங்கும் குதிரை சறுக்கினாலும் பின்கால்களை அடியில் இழுத்து உட்கார்ந்து சமாளித்துவிடும். குறுக்கே போனால் பக்கவாட்டில் சாய்ந்து விழ வாய்ப்பு உண்டு. பின்னால் மல்லாக்கச் சாயாதீர்கள், அதன் பின்பகுதி வேலை செய்ய இடம் வேண்டும். உடம்பு நேராக, குதிகால் தாழ்வாக இருக்கட்டும். தலையை நீட்டித் தரையைப் பார்க்கும் அளவுக்கு லகானைத் தளர விடுங்கள். ஏறும்போது முன்னால் குனிந்து பிடரியைப் பிடித்துக்கொள்ளலாம். திருப்பம் எல்லாம் அடிவாரத்துச் சமதரைக்கு வந்த பிறகுதான்.

வாங்குவதற்கு: விற்பவர் தன் நல்ல திடலில் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அதே குதிரையை இறுகிய தரையில் ஒருவர் கையில் பிடித்து நேர்கோட்டில் டிராட் ஓடவிடச் சொல்லி, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பாருங்கள். மெத்தென்ற தரையில் இரண்டு பக்கமும் வட்டம் போடச் சொல்லுங்கள். பிறகு அவர்கள் ஆள் ஏறட்டும், கடைசியாக நீங்கள். நீங்கள் ஏறியதும் முதலில் வாக் மட்டும், நிதானமாக, தரை மாறும் இடங்களைத் தேடிப் போங்கள்: மணலிலிருந்து புல்லுக்கு, புல்லிலிருந்து கல்லுக்கு. அங்கே காதைத் திருப்பித் தலையைத் தாழ்த்தி, தானே அடியை அளந்து வைக்கும் குதிரை என்றால் டிராட் கொஞ்சம் இடித்தாலும் நான் வாங்குவேன். நடை வெண்ணெயாக இருந்து, தரை மாறுவதைக் கவனிக்காமல் தடுக்கிக்கொண்டே போனால் அப்படியே இறங்கி நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பணம் கொடுக்கும் முன் கால்நடை மருத்துவர் ஒருவர் நான்கு கால்களையும் மடக்கிப் பார்த்திருக்க வேண்டும். அந்த மருத்துவர் விற்பவர் சொல்லி வந்தவராக இருக்கக்கூடாது.